ஒரு மண்டபம், ஆறு வேலை: வாசிகசாலைக்குக் கழற்றி மாட்டும் தளபாடம் செய்யும் முறை

காலை ஆறரைக்கு உதயன், வலம்புரிப் பேப்பர் வாசிக்க ஐயாமார் வந்துவிடுவார்கள். எட்டரைக்கு முன்பள்ளி. மாதத்தில் ஒரு நாள் குடும்பநல உத்தியோகத்தர் வந்து பிள்ளைகளின் நிறை பார்ப்பார். நாலரைக்கு ரியூசன், ஏழு மணிக்குப் பிறகு பெடியன்களின் கரம், ஞாயிறு பின்னேரம் மாதர் சங்கக் கூட்டம். இத்தனையும் 30 அடி நீளம் 20 அடி அகலமான ஒரே மண்டபத்துக்குள். யாழ்ப்பாணத்தில் எந்த ஊர்ச் சனசமூக நிலையத்தை எடுத்தாலும் கதை கிட்டத்தட்ட இதுதான், ஆனால் உள்ளே கிடக்கும் தளபாடம் மட்டும் ஏதோ ஒரே ஒரு வேலைக்குச் செய்தது போல இருக்கும். ஆறு பேர் பிடித்தாலும் அசையாத மேசை, திறப்புத் தொலைந்த கண்ணாடி அலுமாரி, மூன்று காலில் நிற்கும் நீள வாங்கு.

எங்கள் ஊர் வாசிகசாலையை இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். செய்த பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன், நீங்கள் அதே பிழைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ரியூசன் கொட்டில், கோயில் மடம், வீட்டு முன் விறாந்தையில் நடத்தும் தையல் வகுப்பு என்று பலர் மாறி மாறிப் புழங்கும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும்.

முதல் வாரம்: கொப்பியும் பேனையும்

மரக்காலைக்குப் போக முன் ஒரு கொப்பி வாங்குங்கள். ஒரு வாரம் முழுக்க, எத்தனை மணிக்கு யார் வந்தார்கள், எத்தனை பேர், நிலத்தில் இருந்தார்களா கதிரையில் இருந்தார்களா, எழுதினார்களா கேட்டார்களா என்று குறியுங்கள். அதோடு இன்னொரு நிரல் போடுங்கள்: கதிரை மேசையை நகர்த்தியது யார்? எல்லோரும் விடும் நிரல் இதுதான், எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

எங்கள் கொப்பியில் அந்த நிரல் முழுக்க இரண்டே பெயர்தான். முன்பள்ளி ரீச்சர், வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் ஐயா. ரீச்சருக்கு நாரி நோ, ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நிர்வாக சபையில் பதினொரு பேர் இருக்கிறோம், ஒருவரின் பெயரும் அதில் இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அன்றைக்கே தேவையான விதி கிடைத்துவிட்டது: இரண்டு பேர் பத்து நிமிடத்தில், ஸ்பானர் திருப்புளி எதுவும் இல்லாமல், மண்டபத்தை மாற்றிவிட வேண்டும். தனியொரு பொருளும் 12 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. இந்த விதிக்குள் வராத தளபாடம் எவ்வளவு கெட்டித்தனமாக மடிந்தாலும் விரிந்தாலும் முதல் மாதத்தோடு விரித்தபடியே நின்றுவிடும், அப்புறம் அதுவும் இன்னொரு பழைய மேசைதான்.

வெண்கட்டியால் நிலத்தில் கீறுங்கள்

கடதாசியில் கீறினால் எல்லாம் இடம் காணும். நிலத்தில் வெண்கட்டியால் உண்மை அளவிலேயே கீறிப் பாருங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, மின்விசிறி எங்கே, பிளக் எங்கே, யன்னல் வெயில் எத்தனை மணிக்கு எதுவரை வருகிறது, எல்லாவற்றையும் குறியுங்கள்.

சில அளவுகளைக் கையில் வைத்திருந்தால் போதும். மேசையில் ஒருவருக்கு 2 அடி நீளம் வேண்டும். கதிரையைப் பின்னுக்கு இழுத்து எழும்ப இரண்டரை அடி, அதற்குப் பின்னால் ஆள் நடக்க வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம். நடைபாதை 3 அடிக்குக் குறையக்கூடாது, சக்கர நாற்காலி போகவும் அதுதான் அளவு. அது முழுதாகத் திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். யுத்தத்தில் கால் இழந்தவர்கள் இல்லாத ஊர் இங்கே குறைவு, ஆகவே இந்த 5 அடியை வாசலுக்குக் கிட்டவே கீறிவிட்டு அதற்குமேல் எதையும் வைக்காதீர்கள்.

ஆள் கணக்கையும் இப்போதே பார்த்துவிடலாம். வரிசையாகக் கதிரை மட்டும் போட்டால், நடைபாதையையும் சேர்த்து ஆளுக்கு 10 சதுர அடி வைக்கலாம், 600 சதுர அடியில் 60 பேர். மேசையோடென்றால் ஆளுக்கு 15 முதல் 18 சதுர அடி, 35 பேருக்கு மேல் நெரிசல்.

இனி, பாவிக்காத பொருள் நிற்கும் இடம். மடித்து வைத்தாலும் மேசை மேசைதான், எங்கேயோ நிற்கத்தான் வேண்டும். நாங்கள் இதைக் கடைசியில் யோசித்தோம், முதல் மூன்று மாதம் எட்டு மேசைப் பலகையும் ஐயாவின் யன்னலை மறைத்துக்கொண்டு நின்றன. நீங்கள் முதலில் யோசியுங்கள். கதவுக்குப் பின்னால் 4 அடிக்கு 2 அடி ஒதுக்கினால் எட்டுப் பலகையை நெடுக்காக நிறுத்தலாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே அளவு

கழற்றி மாட்டும் தளபாடத்தின் சூட்சுமம் பூட்டிலோ பிணைச்சலிலோ இல்லை, அளவில் இருக்கிறது. ஓர் அடிப்படை அளவை எடுத்து, மற்ற எல்லாம் அதன் மடங்காக வரச் செய்தால் எதையும் எதோடும் சேர்க்கலாம். நாங்கள் எடுத்தது 2 அடி. காரணம் எளிது: பிளைவூட் பலகை 8 அடிக்கு 4 அடியாக வருகிறது. அதை நாலாக வெட்டினால் 4க்கு 2 அடியில் நான்கு மேசைப் பலகை. இரண்டை அணைத்து வைத்தால் 4க்கு 4 சதுரம், நான்கை நீளத்துக்கு வைத்தால் 16 அடிப் பந்தி மேசை, எட்டை ப வடிவில் வைத்தால் கூட்டம்.

சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஓடாவியாரும் நாலுக்கு இரண்டு என்றுதான் வெட்டினார். கொண்டுவந்து இரண்டை நெடுக்கே அணைத்து, மூன்றாவதை அதன் தலைமாட்டில் குறுக்கே வைத்தால் விளிம்பு ஒத்துவரவில்லை, 3 மி.மீ. தள்ளி நிற்கிறது. வாள் தின்ற மரத்தை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. பலகை 2440க்கு 1220 மி.மீ., ஒவ்வொரு வெட்டுக்கும் வாள் 3 மி.மீ. வரை தின்னும், அகலத்தில் வெட்டியபோது ஒரு தரம், நீளத்தில் வெட்டியபோது ஒரு தரம், ஆனால் நீளம் அகலத்தின் சரி இருமடங்காக இருந்தால்தான் இந்த விளையாட்டே நடக்கும். "மூண்டு மில்லிமீற்றருக்கே தம்பி இந்தப் பாடு?" என்று கேட்டார் ஓடாவியார். கையை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். முழங்கையை ஊன்றி எழுதும் பிள்ளைக்கு அந்தப் படி தெரியும், கொப்பி தடக்கும். அவர் ஒன்றும் பேசாமல் சீவுளியை எடுத்தார். ஆகவே மரக்காலையில் சொல்லும்போது 4 அடி 2 அடி என்று சொல்லாதீர்கள், 1214க்கு 607 என்று எழுதிக் கொடுங்கள். கழிவு சில மில்லிமீற்றர், நிம்மதி பெரிது.

பெட்டி

இந்த முழு ஏற்பாட்டிலும் எனக்குப் பிடித்த சாமான் இந்தப் பெட்டிதான். ஒரு பக்கம் திறந்த மரப்பெட்டி, 12, 15, 18 அங்குலம். மூன்று பக்கமும் மூன்று அளவாக இருப்பதுதான் விசயம். படுக்க வைத்தால் 12 அங்குல உயரம், நாலு வயதுப் பிள்ளை இருக்கலாம். ஒருக்களித்து வைத்தால் 15, ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு. நிமிர்த்தினால் 18, பெரியவர்களின் கதிரை உயரம். பிள்ளைகளின் இருக்கை 26 முதல் 31 சென்ரிமீற்றர், பெரியவர்களுடையது 43 முதல் 46 என்று பாடசாலைத் தளபாட அளவு அட்டவணைகள் சொல்வதும் இதற்குள்தான் வருகிறது.

அதையே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் புத்தக இராக்கை. 12 அங்குல ஆழத்தில் தடித்த அலுவலகக் கோப்பும் நிற்கும். 12 உயரத்தில் ஒன்று, அதன்மேல் 15 உயரத்தில் ஒன்று, இப்படி இரண்டு அடுக்கு வைத்தால் 27 அங்குலம், மேலே கரம்போட் அளவாக இருக்கும். நிறைய அணைத்து வைத்தால் ஒளிவிழாவுக்குச் சின்ன மேடை, ஆனால் அப்போது திறந்த பக்கம் நிலத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் யாரோ ஒரு பிள்ளையின் கால் உள்ளே போகும்.

12 மி.மீ. பிளைவூட் போதும். ஒரு 8க்கு 4 பலகையில் நான்கு பெட்டி எடுக்கலாம், ஒவ்வோர் அளவிலும் கால் அங்குலம் குறைக்க ஒத்துக்கொண்டால். வெட்டும் முறை இதுதான். பலகையின் நீளத்துக்கு ஏறத்தாழ 11¼ அங்குல அகலத்தில் இரண்டு கீலம், பக்கங்களும் கீழ்ப்பலகைகளும் இவற்றில். மிச்சப் பகுதியில் நான்கு முதுகுப் பலகை, 14¾க்கு 17¾. அதற்குப் பக்கத்தில் எஞ்சும் துண்டில் இன்னும் நான்கு மேல்பலகை. மேலும் கீழும் 17¾ நீளம், பக்கங்கள் அவற்றுக்கு இடையில் நிற்பதால் இரண்டு பலகைத் தடிப்பு அளவு குட்டை, முதுகு எல்லாவற்றுக்கும் மேலே மூடும். பிசின் பூசி, ஒவ்வோர் மூட்டுக்கும் மூன்று திருகாணி. ஆணி அடிக்க விடாதீர்கள், பிள்ளைகள் உருட்டி உருட்டி ஒரு வருடத்தில் ஆணி தலையை நீட்டும்.

இரண்டு பக்கத்திலும் கை நுழையும் துளை வேண்டும், 4 அங்குல நீளம், ஒன்றேகால் அங்குல உயரம். எல்லா விளிம்பையும் அரத்தாளால் நன்றாக மழுக்குங்கள். வெறும் பெட்டி ஐந்தரைக் கிலோ அளவில் வரும், ரீச்சர் இரண்டு கையில் இரண்டு தூக்குவார்.

பெட்டிதான் எல்லாம் என்று துள்ளிக்கொண்டிருந்தபோது ஐயா ஒரு நாள் கேட்டார்: "தம்பி, உந்தப் பெட்டியில இருந்தா நான் என்னெண்டு எழும்புறது?" சரியான கேள்வி. வயதானவருக்குச் சாரவும் வேண்டும், கையூன்றி எழும்பப் பிடியும் வேண்டும். ஆகவே கை வைத்த பிளாஸ்டிக் கதிரைகளை எறியவில்லை. அடுக்கி வைக்கக்கூடிய கதிரைக்கு உலகத்தில் நல்ல பெயர் இருக்கிறது. பின்லாந்தின் அல்வார் ஆல்ட்டோ 1933இல் செய்த மூன்று கால் முக்காலி இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது, ஒன்றின்மேல் ஒன்று சுழன்று அடுக்குப்படும். மூன்று காலில் இன்னொரு நன்மை, மேடுபள்ளமான சீமெந்து நிலத்திலும் ஆடாது. ஆனால் ஓரத்தில் சாய்ந்தால் கவிழ்த்துவிடும், ஆதலால் முன்பள்ளிக்கு வேண்டாம்.

மேசை: பலகை வேறு, கால் வேறு

முன்பள்ளிக்கு ஏறத்தாழ 20 அங்குல உயர மேசை வேண்டும், ரியூசனுக்கு 29 முதல் 30. இரண்டு செற் மேசை வாங்கினால் மண்டபம் கடையாகிவிடும். பலகையைத் தனியாகவும் காலைத் தனியாகவும் வைத்தால் பிரச்சினை தீர்கிறது.

பலகை 18 மி.மீ. பிளைவூட். அடியில் இரண்டு அந்தத்திலும் 2 அங்குலச் சதுரச் சட்டம் ஒவ்வொன்று. காலையில் அந்தச் சட்டம் நிமிர்த்திய பெட்டிகளின்மேல் இருக்கும், பிள்ளைகளின் மேசை தயார். பின்னேரம் அதே சட்டம் 27 அங்குல உயர இரும்புக் காலின்மேல் இருக்கும், பெரியவர்களின் மேசை தயார். கால் 1 அங்குலப் பொக்ஸ்பாரில் (பொள்ளலான சதுர இரும்புக் குழாய்) செய்த இரண்டு சட்டம், மேலே பிணைச்சல், கீழே அகலாமல் பிடிக்க ஒரு சங்கிலி. ஏணியை ஒட்டக் குட்டையாக்கினது போல இருக்கும். சட்டத்தோடு பலகை 10 கிலோ வரும், விதிக்குள் அடங்குகிறது.

முதலில் பலகையைச் சும்மா பெட்டிமேல் வைத்துவிட்டோம். மூன்றாம் நாள் ஒரு வாண்டு ஓரத்தில் ஏறி நின்றது, பலகை தலைகீழானது, நல்ல காலம் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, களிமண் உருண்டைகள்தான் பறந்தன. பெட்டி 15 அங்குலம், பலகை 24, இரண்டு பக்கமும் நாலரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் வேறென்ன நடக்கும். அதன் பிறகுதான் பூட்டு யோசித்தோம். சட்டத்துக்குள், மரத்தைக் கவ்விப் பிடிக்கும் 8 மி.மீ. பல் நட்டு அடித்து இறக்கியிருக்கிறது, பெட்டிக்குள் இருந்து மேல்நோக்கி ஒரு போல்ட் வரும், அதன் தலை கையால் திருகும் குமிழ். இரும்புக் காலின் மேல்தகட்டிலும் அதே இடத்தில் அதே துளை. போல்ட்டைச் சட்டத்திலேயே நிரந்தரமாக வைத்தால் என்ன என்று கேட்கலாம். வைத்தோம், பலகைகளை அடுக்கும்போது ஒன்றின் போல்ட் மற்றதன் முகத்தைக் கீறியது. மரத் திருகாணியை நம்பவும் வேண்டாம், கழற்றி மாட்டக் கழற்றி மாட்டத் துளை தேய்ந்து பத்தாம் நாள் சும்மா சுற்றும். அடிக்கடி கழற்றும் எந்த மூட்டிலும் இரும்போடு இரும்புதான் திருகுப்பட வேண்டும்.

மடியும் இடங்களில் பிள்ளை விரல் நசியும். பிணைச்சல் பக்கத்தில் இடைவெளி 5 மி.மீ.க்குக் குறைவாக இருக்கட்டும், அல்லது 12க்குக் கூட இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சின்ன விரல் உள்ளே போகும், திரும்பி வராது.

சில்லு

எல்லாவற்றுக்கும் சில்லுப் போட ஆசை வரும். அடக்குங்கள். பெட்டிக்கும் மேசைக்கும் சில்லு தேவையே இல்லை, கையால் தூக்கலாம். புத்தக இராக்கைக்கு மட்டும் போடுங்கள், அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

ஆறு பெட்டியை இரண்டு நிரலாக, மூன்று உயரத்துக்கு அடுக்கி ஒரு தட்டின்மேல் வைத்தால் பெட்டிகள் மட்டும் 33 கிலோ, புத்தகம் நிறைந்தால் இன்னும் 90 வரும். மொத்தம் 125 என்று வைப்போம். நாலு சில்லு, ஆகவே ஒன்றுக்கு 31 கிலோ என்றுதான் நானும் நினைத்தேன். நிலம் கண்ணாடி மட்டத்தில் இருந்தால் சரி. எங்கள் நிலம் அப்படி இல்லை, நகரும்போது எப்போதும் ஒரு சில்லு காற்றில், மூன்றுதான் சுமக்கும். எனவே மூன்றால் பிரிக்க வேண்டும், ஒன்றுக்கு 42 கிலோ, வாங்கும்போது 50 கிலோ தாங்கும் சில்லு கேளுங்கள். விட்டம் 3 அங்குலம். 2 அங்குலச் சில்லு வாசற்படி விளிம்பிலும் சீமெந்து வெடிப்பிலும் சிக்கி நிற்கும், பின்னாலிருந்து தள்ளினால் இராக்கை முன்னுக்குக் கவிழும். குறைந்தது இரண்டு சில்லுக்காவது, குறுக்கும் மறுக்குமாக, பூட்டு இருக்க வேண்டும்.

அதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் இராக்கைக்கு மலிவாகப் பூட்டில்லாத சில்லு வாங்கினேன். மழைத்தண்ணி ஓட எங்கள் விறாந்தை வெளிப்பக்கம் சரிந்திருக்கிறது. ஒரு நாள் கூட்டித் துடைக்க இராக்கையை விறாந்தைக்கு எடுத்தார்கள், திரும்பிப் பார்க்கும்போது அது கல்கியையும் செங்கை ஆழியானையும் சுமந்துகொண்டு தன்பாட்டில் முற்றத்துக்கு இறங்கிவிட்டது. ஆள் எவரும் கீழே நிற்கவில்லை, அவ்வளவுதான் அதிர்ஷ்டம்.

பாரமான புத்தகம் அடித்தட்டில். மூன்று பெட்டி உயரத்துக்கு மேல் அடுக்க வேண்டாம், அடுக்கிய பெட்டிகளை ஒன்றோடொன்று போல்ட்டால் பிணையுங்கள். சில்லு இல்லாமல் சுவரோடு நிற்பதைச் சுவரில் கட்டுங்கள், ஆனால் சீமெந்துக் கல் உள்ளே பொள்ளலாக இருந்தால் சாதாரண திருகாணிப் பிளக் பிடிக்காது, தட்டிப் பார்த்துக் கெட்டியான இடம் தேடுங்கள்.

மறைப்பு

நிறை பார்க்க வரும் தாய்மாருக்கு ஒரு மூலையை மறைக்க வேண்டும், வேறு நாளில் இரண்டு ரியூசனை நடுவே பிரிக்க வேண்டும். மூன்று இதழ் மடிப்பு மறைப்பு இதற்குப் போதும், ஒவ்வோர் இதழும் 2 அடி அகலம், 5 அடி உயரம், மரச்சட்டத்துக்குள் பனையோலைப் பாய். பாய் சத்தத்தையும் கொஞ்சம் உறிஞ்சும், வெறும் சீமெந்துச் சுவருக்கு நடுவில் அது பெரிய உபகாரம். முன்பள்ளிப் பக்கம் வைப்பதென்றால் 4 அடி உயரம் போதும், ரீச்சருக்குப் பிள்ளைகளின் தலை தெரிய வேண்டும். நேராக நீட்டி வைத்தால் விழும், வளைத்து வைத்தால் நிற்கும். சோளகம் வீசும் மாதங்களில் வளைத்தாலும் விழும். அடிச்சட்டத்தில் மண் நிரப்பிய பையைக் கட்டிவிடுங்கள்.

மரம், இரும்பு, பூச்சு

முழு மரத்தில் செய்ய வேண்டுமென்று ஊரில் பலர் நிற்பார்கள். வேம்பு நல்ல மரம், கறையான் இலேசில் தொடாது, தேக்கும் முதிரையும் பரம்பரைக்கு நிற்கும், ஆனால் முதிரையில் செய்த பெட்டியை ரீச்சரால் தூக்க முடியாது. கால், சட்டம் போன்றவற்றுக்கு வேம்பு, அகன்ற முகத்துக்கெல்லாம் பிளைவூட் என்று பிரித்துக்கொண்டோம். வளவில் நிற்கும் மரத்தைத் தறிக்க யாராவது முன்வந்தால், பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றுக்கும் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதை ஞாபகம் வைத்திருங்கள்.

பிளைவூட் வாங்கும்போது ஈரம் தாங்கும் தரமா, கொதிதண்ணி தாங்கும் தரமா என்று கேளுங்கள். நிலத்தைத் தொடுவதற்கு இரண்டாவது. ஒரு கடையில் தண்ணி பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லி எனக்கு எம்.டி.எஃப். பலகை, மரநாரை அழுத்திச் செய்தது, தந்தார்கள். ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்த மழையில், யன்னலடியில் நின்ற அந்த ஒரே இராக்கை ஊறிய பாண் போல உப்பியது. உப்பியது காய்ந்தாலும் பழைய அளவுக்கு வரவே வராது. வாங்கும் முன் ஒரு துண்டு கேட்டு வாங்கி, இரவு முழுக்கத் தண்ணி வாளியில் போட்டு வையுங்கள். காலையில் பலகை தானே பதில் சொல்லும்.

பிளைவூட்டில் தண்ணி முதலில் குடிப்பது விளிம்புதான். விளிம்புக்கு ஒரு தடவை கூடுதலாகப் பூசுங்கள். மேலுக்கு மட்டும் வார்னிஷ் அடித்து அடியை விட்டால் ஈரம் ஒரு பக்கமாக ஏறிப் பலகை வளையும், இரண்டு முகத்துக்கும் பூச வேண்டும். காலமும் முக்கியம். மாரியில் பூசினால் காயாது, சில பூச்சு வெளிறிப் பால் படர்ந்தது போல நிற்கும். மாசி பங்குனியில் முடித்துவிடுங்கள்.

எங்கள் காற்றில் உப்பு இருக்கிறது, இரும்பில் கறல் பிடிக்காமல் இருக்காது. பொக்ஸ்பாரின் திறந்த வாயை வெல்டிங் செய்து அடைக்கச் சொல்லுங்கள், கறல் உள்ளிருந்துதான் தொடங்கும். ஒட்டிய இடத்தை அரத்தால் தேய்த்து, கறல் தடுப்புப் பூச்சு ஒன்று, அதன்மேல் வர்ணம் இரண்டு. காலின் அடியில் றப்பர் மூடி, அது இல்லாவிட்டால் நிலம் துடைக்கும் தண்ணி காலுக்குள் ஏறும்.

உபயம்

இது எந்த வழிகாட்டியிலும் இருக்காது. பழைய வாங்கையும் அலுமாரியையும் என்ன செய்வது? ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பூச்சால் உபயம் என்று ஒரு பெயர். கனடாவில் இருக்கும் ஒருவர் தகப்பனின் நினைவாகத் தந்த வாங்கை நாங்கள் விறகாக்க முடியுமா? முடியாது, செய்தால் அடுத்த வருடம் ஊருக்கு வரும்போது பதில் சொல்ல வேண்டும்.

நாங்கள் செய்தது இது. உபயகாரரோடு முதலில் தொலைபேசியில் கதைத்தோம். 10 அடி வாங்கை ஒத்துக்கொண்டு வெட்டச் சொன்னார், அதில் இரண்டு 4 அடி வாங்கு வந்தது, மிஞ்சிய துண்டில் பெயர் எழுதிய பாகம் அப்படியே புதிய இராக்கையின் நெற்றியில். கண்ணாடி அலுமாரியை விட்டுவிட்டோம், அதைத் தந்த அம்மா சம்மதிக்கவில்லை. அது இன்றைக்கும் மூலையில் நிற்கிறது, வெண்கட்டிக் கோட்டை அதற்காக ஒன்றரை அடி உள்ளே தள்ளிக் கீறினோம். புதிதாக யாராவது தர முன்வந்தால் "மேசை" என்று பொதுவாகச் சொல்லாமல் அளவைக் கையில் கொடுங்கள், இல்லாவிட்டால் அசையாத மேசை இன்னொன்று வந்து இறங்கும்.

எத்தனை செய்ய வேண்டும்

எங்கள் 600 சதுர அடிக்கு 24 பெட்டி, 8 மேசைப் பலகை, 8 சோடி இரும்புக் கால், 2 மறைப்பு. பிளைவூட் கணக்கில் 12 மி.மீ. ஆறு பலகை, 18 மி.மீ. இரண்டு. பெட்டிகளில் 12 புத்தகத்துக்கு, அவை இராக்கையை விட்டு வெளியே வராது. மற்ற 12இல் பத்து காலையில் ஐந்து பிள்ளை மேசைக்கு முண்டு, நாலு இரவில் கரம்போட்டுக்கு.

ஒரேயடியாகச் செய்யாதீர்கள். ஒரு பலகை, இரண்டு பெட்டி, ஒரு சோடி கால் மட்டும் செய்து இரண்டு கிழமை பாவியுங்கள். எங்கள் முதல் பெட்டியின் கைத்துளை மேல் விளிம்புக்கு மிகக் கிட்ட இருந்தது, மரம் வெடித்தது. ஒன்றில் தெரிந்ததால் 23 தப்பியது.

பழக்கத்துக்குக் கொண்டுவருவது

ஒவ்வோர் அமைப்பையும் ஒரு தரம் சரியாகப் போட்டுப் படம் எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். நிலத்தில் மேசைக் கால் வரும் இடத்தில் சின்னப் பொட்டு, முன்பள்ளிக்கு மஞ்சள், ரியூசனுக்கு நீலம், கூட்டத்துக்குச் சிவப்பு. பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது, மஞ்சள் பொட்டில் பெட்டியைக் கொண்டுபோய் வைப்பதற்குச் சண்டை பிடிக்கிறார்கள், ரீச்சரின் நாரிக்கும் ஆறுதல். மணிக்கூடு பார்த்து ஒத்திகை செய்யுங்கள். எங்களுக்கு முதல் நாள் 26 நிமிடம் போனது. காலும் பலகையும் மண்டபத்தின் எதிரெதிர் மூலையில் நின்றதுதான் காரணம், இரண்டையும் ஒரே இடத்துக்கு மாற்றியதும் 12 ஆனது, குமிழ்களுக்கு எண்ணெய் விட்ட பிறகு 9.

எல்லாவற்றுக்கும் இலக்கம் எழுதுங்கள். சாமத்திய வீடு, அந்தியேட்டி என்று இரவல் கேட்டு வருவார்கள், இல்லை என்று சொல்லவும் முடியாது. கதிரை போகட்டும், எண்ணித் திரும்பி வரும். மேசைப் பலகை போகலாம், குமிழ் போல்ட் மட்டும் போகக்கூடாது, ஒரு பந்தலுக்குப் போய்வந்த எட்டில் மூன்று காணாமல் போனது. இப்போது இரவல் கொப்பி ஒன்று, வாங்குபவரின் கையெழுத்தோடு. மேலதிக போல்ட்டும் நட்டும் ஒரு பிஸ்கற் ரின்னில், ரின் ஐயாவின் மேசை லாச்சியில், லாச்சித் திறப்பு ஐயாவின் இடுப்பில்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, கூட்டம் தொடங்க முன், சில்லுகளைக் கவிழ்த்துச் சுற்றியிருக்கும் தலைமயிரையும் மண்ணையும் எடுங்கள், ஆடும் போல்ட்டை இறுக்குங்கள், நிலத்தைத் தொடும் விளிம்புகளில் கறையான் புற்று ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அரை மணித்தியால வேலை. அந்த வேலைக்கு நிர்வாக சபையில் முறை போட்டிருக்கிறோம், கொப்பியின் கடைசி நிரலில் இப்போது பதின்மூன்று பெயர் இருக்கிறது.